கௌதள்ளி சரோஜாவின் கேள்வி

நேற்று என் வலைப்பதிவில் யாரோ ஒரு கருத்துப் போட்டிருந்தார், எனக்குத் தெரியாத ஏதோ எழுத்தில். கீழே இருந்த ‘மொழிபெயர்’ என்பதைத் தொட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் தமிழாகிவிட்டது: ‘நல்ல பதிவு.’ அவ்வளவுதான் விஷயம். ஆனால் காபி ஆறிப்போகும்வரை எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளில் மைசூரு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். எழுத்துப் பைத்தியம் பிடித்திருந்த வயசு. பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒரு மூலை சும்மா கிடந்தது. தமிழ் ஆட்களும் அங்கே இருந்ததால் வாரம் ஒரு பக்கமாகத் தொடர்கதை எழுதிக் குத்தி வைத்தேன். அதன் கீழே ‘உங்கள் கருத்து’ என்று ஒரு வெள்ளைத்தாள், நூலில் கட்டிய பென்சில். சாம்பாரும் பினாயிலும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் அந்தத் தாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

பென்சில் இரண்டு முறை களவு போனது. கருத்து ஒன்றும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ‘அருமை’யை நானே இடது கையால் எழுதினேன்.

ஏழாவது வாரம், புருஷனோடு சண்டை போட்ட என் கதாநாயகி பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். பஸ் வருகிறது. ‘தொடரும்’ போட்டுவிட்டேன். புதன்கிழமை மதியம் பார்த்தால் தாளில் ஐந்து வரி. அத்தனையும் கன்னட எழுத்து. அப்போது எனக்குத் தெரிந்த கன்னடம் ‘கொத்தில்லா’, அதாவது ‘தெரியாது’, ஒன்றுதான். பஸ்ஸைக்கூட நம்பர் பார்த்துத்தான் ஏறுவேன். காவிரிப் பேச்சு சூடாக இருந்த நாட்கள் வேறு. ‘இங்கே தமிழில் ஒட்டாதே’ என்றுதான் எழுதியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் பரவிவிடுமே என்று பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கதையையும் தாளையும் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். தொடர் அத்தோடு நின்றது.

இரண்டு மாதம் கழித்து டிராயரைக் குடைந்தபோது அந்தத் தாள் கீழே விழுந்தது. பக்கத்து மேசை நாகராஜ், தமிழ் நாலு வார்த்தை மட்டும் தெரிந்த கன்னடக்காரர், எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“இது கன்னட அல்லா ரீ. எழுத்து மட்டும்தான் எங்களுது.”

“சும்மா சத்தமாப் படிங்க” என்றேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

“ஏனுங்க, எனக்குத் தமிளு எளுத்துத் தெரியாதுங்க. மேஸ்திரி படிச்சுச் சொல்லுவாருங்க. அந்தப் புள்ள பஸ் ஏறுச்சுங்களா இல்லீங்களா? சனிக்கெளமயோட எனக்கு இங்க வேல முடியுதுங்க. அதுக்குள்ள எளுதிப் போடுங்க. கௌதள்ளி சரோஜா, பேக்கிங்.”

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊரான கௌதள்ளியில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. படித்தவருக்குப் பொருள் தெரியவில்லை, பொருள் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. இதற்கு நடுவில் அந்தச் சனிக்கிழமை போய்விட்டது.

பேக்கிங் பக்கம் ஓடினேன்.

“அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணா? அந்த பேட்ச் போய் ரெண்டு மாசமாச்சே சார்” என்றார் சூப்பர்வைசர். “இப்போ எங்கேன்னு யாருக்குக் கொத்து?”

கௌதள்ளிக்கு பஸ் உண்டு. போய் எந்த சரோஜா என்று கேட்பது? வயசுப் பெண்ணைத் தேடி ஒருத்தன் வந்து நின்று, கதை முடிவு சொல்ல வந்தேன் என்றால் ஊர் நம்புமா? என்னால் முடிந்தது, அந்த வாரமே முடிவை எழுதிப் பலகையில் குத்தியதுதான். கீழே புதுத்தாள், புதுப் பென்சில். கழற்றும்வரை அது வெள்ளையாகவே இருந்தது. அழுகை வந்தது.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. வீடு மாறி மாறிக் கதையும் தாளும் எங்கோ தொலைந்துவிட்டன. என் கதாநாயகி பஸ் ஏறினாளா இல்லையா, என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்துபோய்விட்டது. இன்றைக்கு சரோஜா நேரில் வந்து நின்று கேட்டாலும் ‘கொத்தில்லா’ என்றுதான் சொல்லவேண்டும்.