பெட்டி மேல் உட்கார்ந்தவள்

எனக்குக் கிடைத்த வேஷத்துக்கு வசனமே கிடையாது. தகரப்பெட்டி மேல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். கதாநாயகி நான்தான். ஆறாம் வகுப்பு, மதுரைக் கான்வென்ட்டில் ஆண்டுவிழா.

நாடகத்தை எழுதியவர் அயர்லாந்து சிஸ்டர். மதுரைக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியிருந்தது. பள்ளிக்கூடத்து ஆயாவிடம் தமிழ் பழகியதால், கோபம் வந்தால் அச்சு அசலாக "ஏ கழுத" என்பார். அவர் ஊர் நாடகம் என்றதும் ராஜா, ராணி, கத்தி, கேடயம் என்று காத்திருந்தோம். வந்ததோ ஒரு குடிசை, ஓர் அடுப்பு, ஒரு பெட்டி. கப்பலேறப் போகிறவளைச் சுற்றி நாலு உறவுக்காரிகள் உட்கார்ந்து அழுவார்கள். அவ்வளவுதான் கதை.

ஒத்திகையில் அந்த நாலு பேரும் சிரித்துத் தொலைத்தார்கள். "அழுக இம்புட்டுத்தானாடி?" என்று சிஸ்டர் மாதம் முழுக்கத் திட்டினார். கடைசியில் விடுதிப் பெண் ஒருத்தி, தன் ஊர் இழவு வீட்டில் கேட்ட ராகத்தை இழுத்தாள். கோடைக்காற்று பனங்காட்டுக்குள் புகுந்ததுபோல இருந்தது. சிஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இதேதான்டி" என்றார்.

விழாவன்று வில்லாபுரத்திலிருந்து அம்மா பட்டுச்சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் இருந்தாள். திரை விலகியது. நாலு பேரும் மாரில் அடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, அந்த ராகத்தை எடுத்தார்கள்.

அம்மா மேடைக்கு எப்படி ஏறினாள் என்று இன்றுவரை தெரியாது.

"அடி பாவிகளா, எம்பிள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, அதுக்கா ஒப்பாரி வைக்கிறீக!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் என் கையை இழுக்க, நான் பெட்டியை விடவில்லை. வெளியேறும் காட்சிக்காக அத்தனை நாள் நடந்து பழகியிருந்தேன்.

சிஸ்டர் ஓடிவந்தார். "எங்க ஊரு வழக்கம்மா. கப்பலேறுற பிள்ளைக்கு முந்துன நாளே அழுதுருவாக. இனிமே பாக்க முடியாதுல்ல."

"உசுரோட இருக்குற பிள்ளைக்கு இதென்னம்மா..." என்று ஆரம்பித்த அம்மா, பாதியில் நின்றாள். சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள். குரல் இறங்கியது. "ஒங்களுக்கும் அழுதாகளா?"

"எங்கம்மா அழுதாக. நான் பெட்டி மேல உக்காந்திருந்தேன்."

"பெறகு போயிப் பாக்கலையா?"

சிஸ்டர் இல்லையென்று தலையசைத்தார்.

அம்மா என் கையை விட்டாள். தன்னைவிட இருபது வயது மூத்தவரின் கன்னங்களை இரு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் படபடவென்று சொடுக்கின. நெடிய உருவம் சிஸ்டருக்கு. அம்மாவின் கைக்கு எட்டக் குனிந்திருந்தார். அம்மா கையை எடுத்த பிறகும் நிமிரவில்லை.

யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சிஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது போலும், நிமிரட்டும், மிச்ச நாடகத்தை நடத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று பக்கத்திலேயே நின்றிருந்தேன்.