கவுண்ட்டருக்கு வெளியே வேதநாயகி

வேதநாயகியிடம் எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் வேதாரண்யம் என்றுதான் சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும். கல்யாணமாகி, புனேயை ஒட்டிய நிக்டிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வந்த புதிதில் காய்க்காரனிடம் விரலை நீட்டித்தான் பேசினாள். இப்போதோ அவள் மராத்தியில் பேரம் பேச ஆரம்பித்தால், "போதும் தாயீ, எடுத்துட்டுப் போங்க" என்று காய்க்காரனே கும்பிடு போட்டுவிடுவான்.

அவள் வேலை பார்த்தது பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில். அதன் பெயரைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது, போர்டையே கழற்றி உள்ளே சாத்தி வைத்துவிட்டார்கள். குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு லாக்கர் அறைக்குப் பொறுப்பானாள். வாடிக்கையாளரின் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். வங்கிச் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு அடுத்த நொடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று புருஷன் ஜம்புலிங்கம் எத்தனையோ தடவை நோண்டிப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை.

அந்தக் கிளைக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. அமாவாசையன்று மராத்திக்காரர்கள் எந்த நல்ல காரியத்தையும் தொடமாட்டார்கள். பணம் போட வந்தவர்கூட காலண்டரைப் பார்த்துவிட்டு, "உத்யா யேதோ" என்று மறுநாளைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நம் ஆட்களுக்கோ நிறைந்த அமாவாசையைவிட நல்ல நாள் கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்தவள் வேதநாயகிதான். "அமாவாசைக்கு வாங்க, கூட்டமே இருக்காது" என்று தனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சொல்லி வைத்தாள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, தலை குளித்த ஈரம் காயாமல் பெண்கள் வந்து இறங்குவார்கள். பியூன் தத்தா அந்த நாளுக்கு 'மதராசி தின்', மதராசிகளின் நாள், என்று பெயரே வைத்துவிட்டான்.

வருகிறவர்களில் முக்கியமானவள் தமிழரசி. விருதுநகர்க்காரி, புருஷன் ரவிசந்திரன் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. லாக்கர் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு டப்பாவைத் திறந்து வடையும் வாழைக்காய்ப் பொரியலும் வெளியே வரும். அந்த இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசாத கதை இல்லை. கூடப் பிறந்தவளிடம் சொல்லாததையெல்லாம் தமிழரசி இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

ரவிசந்திரன் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை எங்கே போடுவது என்று தமிழரசி கேட்டாள். "இங்கேயே போடு, வட்டியும் ஜாஸ்தி. நான் இருக்கேன்ல?" என்றாள் வேதநாயகி. "அப்ப அமாவாசைக்கே கொண்டாந்துர்றேன்க்கா" என்று சொன்னவள், சொன்னபடியே கொண்டுவந்து மொத்தத்தையும் வைப்பாகப் போட்டுவிட்டுப் போனாள். கூடத்தில் அந்நேரத்துக்கு வேறு ஈ காக்கை இல்லை.

அவள் போன பிறகு வேதநாயகிக்கு மனசு உறுத்தியது. ஜம்புவின் பணம் முழுவதும் பெரிய வங்கி ஒன்றில் கிடந்தது. ஊருக்கெல்லாம் இங்கே போடு என்கிறோம், நம்முடையது மட்டும் அங்கே பத்திரமாக இருக்கிறதே, இது என்ன நியாயம்? போனைப் போட்டு ஜம்புவைப் பிடிபிடி என்று பிடித்தாள். அவர் முனகிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் பணத்தை இந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தார். அதுவும் நல்ல நாள் கணக்கில் சேர்ந்தது.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது ரிசர்வ் வங்கியின் உத்தரவு வந்தது. அன்றைய வேலை நேரம் முடிந்ததிலிருந்து புதுப் பணம் வாங்கக்கூடாது, இருக்கும் பணத்தைக் கொடுக்கவும் கூடாது. டைரக்டர்கள் தங்கள் சொந்தக்காரர்களின் கட்டடங்களுக்கெல்லாம் கடனை வாரி இறைத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. மேலே இருந்தவர்கள் செய்தது கீழே லாக்கர் அறைக்கு எப்படித் தெரியும்? மறுநாள் வருவதாகச் சொல்லிப் போயிருந்த மராத்திக்காரர்கள் வந்து, மூடிய ஷட்டரைப் பார்த்து, கையிலிருந்த பணத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். நல்ல நாள் பார்த்துப் போட்டவர்கள்தான் வசமாக மாட்டிக்கொண்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழ?

ஒரு வாரம் கழித்துத் தமிழரசி போன் செய்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உள்ள இருந்தவுகளுக்குத் தெரியாமயாக்கா இருக்கும்?"

"சத்தியமா தெரியாது தமிழு."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வேதநாயகி எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஐயப்பன் கோயிலில் எதிரே வந்தால், செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வாள்.

"நாமளும்தான் போட்டோம்னு சொல்லித் தொலையேன்" என்று ஜம்பு தினமும் கத்தினார். வேதநாயகி சொல்லவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், யார் நம்பப் போகிறார்கள்? அதோடு, இன்னொன்றும் இருந்தது. உள்ளேயே இருந்துகொண்டு, கொண்டுபோய்க் கொட்டிய முட்டாள் என்று ஊர் சிரிக்கும். திருடி என்று நினைப்பதா, முட்டாள் என்று நினைப்பதா, இரண்டில் எது தேவலை என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பணத்தைவிட அந்த டப்பா வராத அமாவாசைகள்தான் அவளை அதிகம் வருத்தின. இது நிஜம், ஜம்புவுக்குத் தெரிந்தால் இன்னும் கத்துவார்.

பிறகு வங்கியின் உரிமம் ரத்தானது. வங்கியின் கணக்குகளை முடித்து மூடுவதற்குக் கலைப்பு அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். சாதாரா ஊர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். பழைய ஊழியர்களில் நாலைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டார், வேதநாயகியும் தத்தாவும் அதில் உண்டு. லாக்கர்களைக் காலி செய்து கொடுத்தார்கள். தமிழரசி மட்டும் தன் பெட்டியை எடுக்க வராமல் ரவிசந்திரனை அனுப்பினாள். அவர் தரையைப் பார்த்தபடியே நகையை வாங்கிக்கொண்டு போனார். வைப்புக்கு ஒரு வரம்பு வரை கிடைக்கும் காப்பீட்டுத் தொகையும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அந்த வரம்புக்கு மேல் போட்டிருந்தவர்கள் மட்டும் தங்கள் பாக்கிக்காக, மூல ரசீதோடு நேரில் வந்து உரிமை கோரவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதிகாரி குறித்த முதல் நாளைப் பார்த்துத் தத்தா தலையில் அடித்துக்கொண்டான்.

"சாயேப், அன்னிக்கு அமாவாஸ்யா. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"நல்லதாப் போச்சு, கூட்டம் இருக்காது" என்றார் அவர். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வேதநாயகியின் வார்த்தையை இன்னொருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அமாவாசையன்று தமிழரசி வருவாள் என்று வேதநாயகிக்குத் தெரியும். கோபம் இருந்தாலும் நாளை மாற்றமாட்டாள். அப்படியே வந்தாள். தலை குளித்து, நெற்றியில் திருநீறோடு நேரே வந்து, கவுண்ட்டரில் வேதநாயகியிடம் டோக்கனை வாங்கும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் உட்காராதபடி பையை வைத்துக்கொண்டாள். கூடத்தில் இன்னும் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் நம்மவர்கள்.

வேதநாயகி அதிகாரியிடம் போய், கொஞ்ச நேரம் கவுண்ட்டருக்கு வெளியே போக அனுமதி கேட்டாள். "எதுக்கு தாயீ?" என்றார். அவள் தன் ரசீதைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். தத்தாவை டோக்கன் கொடுக்க உட்காரவைத்துவிட்டு, கவுண்ட்டரின் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் வந்து நின்றதே இல்லை. தத்தாவிடம் கையை நீட்டி டோக்கன் வாங்கினாள். பெஞ்சில் இடம் இல்லாததால் சுவரோரமாக நின்றாள்.

தமிழரசி முதலில் அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். பிறகு ரசீதை. இந்த வங்கியின் பச்சைத் தாளை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

"என்ன, இந்தப் பக்கம் நிக்கிறீக?"

"நாங்களும் போட்டிருக்கோம்."

"எப்ப?"

"நீ போட்ட அன்னிக்குத்தான். நீ போனப்பறம், மத்தியானமா."

தமிழரசி அவளையே பார்த்தாள். கண்ணை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

தமிழரசி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது.

"மாட்டேன்" என்றாள்.

உள்ளேயிருந்து தத்தா ஒரு நம்பரைக் கூப்பிட்டான், இவர்கள் இருவருடையதும் இல்லை. தமிழரசி பெஞ்சிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறந்தாள்.

"நேரமாகுமேன்னு எனக்கு மட்டுந்தான் கொண்டாந்தேன். ரெண்டு வடைதான் இருக்கு. உக்காருங்க."