‘ஆச்சு’ என்று சொல்லாத பிள்ளை

மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரை எங்கள் ஆட்கள் யாரும் யாரையும் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பதில்லை. “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்போம். காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்று அர்த்தம். கேட்பவருக்குப் பதில் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். “ஆச்சு” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். வயிறு காய்ந்து கிடந்தாலும் “ஆச்சு”தான். “இல்லை” என்று யாராவது சொல்லித் தொலைத்தால், கேட்டவர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ரொட்டி தேடி ஓட வேண்டியிருக்கும். எதற்கு வம்பு?

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. கட்டொழுங்கு ஆசிரியை வேறு. காலையில் பள்ளி வாசலில் நின்றுகொண்டு நீண்ட நகம், சாயம் அடித்த முடி, கறை பட்ட வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் தொண்டை வறளக் கத்துவது என் வேலை. பிள்ளைகள் எனக்கு ‘சைரன்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். கத்தலுக்கு நடுவே “பசியாறியாச்சா?” என்றும் கேட்பேன். அதையும் கத்தித்தான் கேட்பேன்.

ஒரு நாள் காலையிலும் அப்படித்தான் கேட்டேன். நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி, பதினாறு வயது, நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவளுடைய அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. எதற்கும் வம்புக்குப் போகாத பெண் என்பதால் நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இல்ல டீச்சர்” என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

“இனிமே பசியாற வேண்டியதில்ல டீச்சர்.”

குரலில் அழுகை இல்லை. ஏதோ வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். வாசல் பொறுப்பைப் பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச் சாலை ஓரத்துக்குப் போனேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. “கண்ணு, செத்துடணும்னு நெனைக்கிறியா?” என்று கேட்டேன்.

“ஆமா டீச்சர்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். “யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு.”

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மன ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது. குரலே எழும்பாது. இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள் இந்தப் பிள்ளைகளிடம் என்ன வேலை வாங்கப் போகிறாள் என்று நினைத்தவள் நான். அந்தப் பெண்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். என் மாணவியைக் கண்ணைவிட்டு நகர விடவில்லை. கழிப்பறைக்குப் போனபோதும் கூடவே போய் வெளியே நின்றாள். “இன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நாளைக்கு என்ற பேச்சே இல்லை” என்று மலாயில் சொல்லிவிட்டுப் பெற்றோருக்குத் தொலைபேசினாள். வேலையை விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுவதாக அம்மா சொன்னார். அப்பா லோரியோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

லோரி நிறையக் குலை. அதை வாசலில் நிறுத்திவிட்டு, கழுத்தில் துண்டோடு கவுன்சிலர் அறைக்குள் வந்தார். ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு என்று நான் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது.

“தஞ்சோங் ரம்புத்தானுக்கா டீச்சர்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அது ஓர் ஊரின் பெயர். அங்கே பழைய மனநல மருத்துவமனை இருப்பதால் ஊர்ப் பெயரே எங்களிடம் கேலியாகிவிட்டது. “இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கடா” என்று பையன்கள் வகுப்பில் கத்துவதை நான் அன்றாடம் கேட்கிறேன். அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்படி வாயைத் திறப்பாள்?

“என் மகளுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பரீட்ச பயம் லா. காலையில நல்லாத்தான் இருந்தா. பசியாறியாச்சான்னு கேட்டேன், ஆச்சுன்னு சொன்னா.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். கவுன்சிலர் என் முழங்கையைத் தொட்டாள். அதற்குள் பிள்ளையே பேசிவிட்டாள்.

“அது சும்மா சொன்னதுப்பா. நேத்தும் சும்மாதான் சொன்னேன். கொஞ்ச நாளா எல்லாமே சும்மாதான்.”

“ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?”

“பொய் இல்லப்பா. கேட்டா ஆச்சுன்னுதானே சொல்லணும். நீங்களும் அப்படித்தானே சொல்றீங்க.”

அந்த மனிதர் அங்கிருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டாளி ஒருவருக்குத் தொலைபேசினார். “டேய், நீ வந்து லோரிய எடுத்துக்க. தோட்டத்து மண்டோர் கேட்டா என் மகளுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. ஆமாடா, ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்.” இதை அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எனக்கு இருந்தது.

என் காரில்தான் போனோம். முன்னால் நானும் கவுன்சிலரும், பின்னால் அப்பாவும் மகளும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் முழுக்க அவர் மகளின் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார். எங்கும் இறால் வாடை. பிள்ளை அந்தத் தோளிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் தமிழ்ப் பெண். பிள்ளையிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களை அழைத்து, சில நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும், மருந்து உண்டு, பிறகு தவறாமல் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார். அப்பா மறுபடியும் அதே ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“அதெல்லாம் இல்ல அங்கிள். இங்கயே பாத்துக்கலாம். வீட்டுல அவ எப்படி இருக்கான்னு நீங்க தினம் கேக்கணும்.”

“எனக்குப் பசியாறியாச்சான்னுதான் டாக்டர் கேக்கத் தெரியும்.”

“அதையே கேளுங்க. அவ பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே நில்லுங்க.”

அவர் நின்றார். மகள் வார்டிலிருந்து வீடு திரும்பியதும், காலையில் லோரிக்குப் போகும் முன் அவள் முன்னால் போய் நின்று கேட்பாராம். முதலில் பதிலே வராதாம். பிறகு “பாதி” என்பாளாம். சில நாள் “முடியலப்பா” என்பாளாம்; அன்றைக்கு அவர் வேலைக்குப் போவதில்லை. நடுவில் மாத்திரையை நிறுத்திவிட்டு, பள்ளிக்கும் வராமல் படுத்தே கிடந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று நான் பதறினேன். கவுன்சிலர் பதறவில்லை. வீட்டுக்கே போய்ப் பேசி, திரும்பக் கிளினிக்குக்கு வர வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் வாரம் தவறாமல் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுக்கிறேன். நன்றிக்கடன் என்று இல்லை, சும்மா ஆசை.

அவள் ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்டாள். சென்ற மாதம் அரசாங்கத் தேர்வு தொடங்கியது. வழக்கம்போல வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பஸ் வந்து நின்றது. அவள் இறங்கி வந்தாள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பாக, அகலமாக, மிளகாய்ச் சம்பல் கறை.

“பசியாறியாச்சா?” என்று கேட்டேன். கத்தவில்லை. அவள் பதில் சொல்கிற வரைக்கும் நின்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “ஆச்சு டீச்சர். நாசி லெமாக். அப்பா முட்ட ரெண்டு வச்சிட்டாரு.” பிறகு குனிந்து சட்டையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, சாரி டீச்சர். தொடச்சிட்டு வந்திடறேன்.”

“ஒண்ணும் தொடைக்க வேணாம், போ உள்ள” என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன் “என்னடா, சைரன் கெட்டுப்போச்சா?” என்று கிசுகிசுத்தான். எனக்கு நன்றாகவே கேட்டது. திரும்பி அவனைத் திட்டத்தான் நினைத்தேன், குரல் வரவில்லை.