கண்ணாடி இல்லாமல் சொன்ன கதை

எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை வெளிநாட்டுப் படம் போடுவார்கள். படம் முடிந்ததும் ஃபாதர் எல்லாரையும் பேச வைப்பார். அதனாலேயே நான் போகாமல் இருந்தேன். அந்த மாதம் அத்தையும், அதாவது என் மாமியாரும், பக்கத்து வீட்டு ஆன்டியும் கிளம்பினார்கள். இருவருக்கும் தமிழும் மலாயும் தெரியும், ஆங்கிலம் வாசிக்க வராது. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான். ஆகவே மொழிபெயர்ப்பாளராக நான்.

செனாயில் வேலை முடிந்து நேரே வந்திருந்தேன். விளக்கை அணைத்த பிறகுதான் கண்ணாடியை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரையின் அடியில் வெள்ளையாக எறும்பு ஊர்ந்தது, அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு பேர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு வீடு, முடி தொங்கும் சடைமாடுகள், பனி. ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு மகன். சாப்பிடும் நேரத்தில் ஒரு பெண் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரு அது?" என்றார் அத்தை.

"பையன் விரும்புற பொண்ணு. அம்மாவுக்குப் பிடிக்கல" என்றேன்.

அதன்பிறகு கதை என்னைக் கேட்காமலே ஓடியது. அவள் பால் கறந்தால் வருங்கால மாமியாரை மடக்கப் பார்க்கிறாள். அப்பா அவள் தலையைத் தடவினால் அவர் சம்மதித்துவிட்டார். பையன் மட்டும் அவளோடு பேசவே மாட்டேன் என்று மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆன்டி கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

படம் முடிந்தது. ஃபாதர் யாருக்கு என்ன தோன்றியது என்று கேட்டார். நான் தடுப்பதற்குள் ஆன்டி எழுந்துவிட்டார். ஒரு தாய் இப்படிப் பிடிவாதமாக இருக்கக் கூடாது, பையன் மனசுக்குப் பிடித்தவளைக் கட்டிவைத்திருக்க வேண்டும் என்று சூடாகப் பேசினார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, அந்தப் பெண் அவனுடைய அக்கா என்று மெதுவாகச் சொன்னார். சொல்லாமல் நகரத்துக்குப் போய், பல வருடம் கழித்து வீடு திரும்பியவளாம்.

சிரிப்பு எங்கிருந்தோ தொடங்கிப் பின்வரிசை வரை போனது. ஆன்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போது அத்தை எழுந்தார்.

"தப்பு இவங்க மேல இல்ல ஃபாதர். என் மருமக கண்ணாடி இல்லாம வந்துட்டா. அடுத்த தடவ நான் பார்த்துக் கூட்டிட்டு வர்றேன்."

ஃபாதரே சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே காணாமல் போய்விட வேண்டும்போல இருந்தது.

தம்போயில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது ஆன்டி பின்சீட்டுக்குப் போய்விட்டார். அத்தையிடம், நான் கதை விடுவது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். பாதியிலேயே சந்தேகமாம். அந்தப் பெண்ணும் பையனும் அம்மாவை ஒரே வார்த்தையில் கூப்பிட்டார்களாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீ நல்லா சொல்லிக்கிட்டிருந்த லா."

ஃபாதரிடம் கேட்டுப் படத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் மறுபடி போட்டேன். கண்ணாடி மூக்கில் இருந்தது. ஒரு வரிகூட விடாமல் சொன்னேன். உண்மையில் அவர்கள் பேசியதே கொஞ்சம்தான். பாதி நேரம் மாடு, பனி, அடுப்பு. அம்மாவும் மகளும் பேசாமல் ஒரே மாவைப் பிசையும் இடத்தில் அத்தை டீ ஆறுவதைக் கவனிக்கவில்லை. முடிந்ததும், கல்யாணம் இல்லாமலே இது நன்றாக இருக்கிறது என்றார்.

ஆன்டிக்கு ஒப்பவில்லை. அன்றைக்குப் பார்த்த படம்தான் படம் என்று சொல்லிவிட்டார். என் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்து, அந்தப் பையனுக்குக் கடைசியில் கல்யாணம் ஆனதா இல்லையா என்று கேட்டார்.

ஆனது என்றேன்.