வாத்துகள் மட்டும் வந்த மாலை

மாலை ஐந்தரை மணிக்கு வாத்துகள் வீடு திரும்பின; அவற்றை ஓட்டிவரப் போன என் மகள் வரவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. குனோங் ராபாட் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்று இருந்தது. சீனப் பெருநாளுக்கு விற்க வளர்த்த வாத்துகள் பகலெல்லாம் அதில்தான் நீந்தும். முந்தின நாள் ஒரு வாத்து காணாமல் போயிருந்தது. வெண்டைக்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்த நான், வெயில் எரிச்சலில், "அந்த வாத்து இல்லாம வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லி அவளை அனுப்பியிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கரையில் அவள் சிலிப்பர் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கைகளால் துழாவினேன். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். அவள் வரும் பஸ் தாமதமானால் என் கைகள் இன்னும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கின்றன.

"அக்கா, மேல ஏறு லா! ஒம்பொண்ணு இங்க இருக்கு!"

அக்கரையில் கீரை பயிரிடும் சீன அம்மா, அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். "என் கொட்டாயில ஒளிஞ்சிருக்கு. வீட்டுக்குப் போன்னா அழுவுது."

மகள் என் அருகில் வரவில்லை. சேற்றுக்காலோடு தள்ளியே நின்றாள்.

"வாத்து கெடைக்கலம்மா," என்றாள். "நான் வீட்டுக்கு வரலாமா?"