உலகம்மை தின்னாத மிட்டாய்

ஸ்ரீவராகத்தில் உலகம்மையிடம் போய் சுத்தம் என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது. கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டார். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்து, மகள் திவ்யலட்சுமியைக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று; முட்டை என்ற பேச்சைக்கூட அவள் தன் அடுக்களைக்குள் விட்டதில்லை. கணவர் குற்றாலலிங்கம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கராக இருப்பவர். பொறுமைசாலி. இல்லாவிட்டால் இந்த வீட்டில் இத்தனை காலம் தள்ளியிருக்க முடியுமா?

அவர்கள் வாடகைக்கு இருந்தது கீழ்வீட்டில். மாடிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சுசீலாபாய் குடிவந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கணவர் காலமாகிவிட்டார், வேலைக்குப் போகும் மகள் லிபியோடு இருந்தாள். வந்த மாசமே ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். உள்ளே அன்னாசி மிட்டாய். பழத்தைக் கனமான துண்டாகப் போட்டு, சீனிப்பாகில் நாள்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவியது. பார்க்கவே பொன்னிறமாக இருந்தது.

"எனக்க கையால செஞ்சதுக்கா. தின்னு பாத்துட்டு கொள்ளாமான்னு செல்லணும்," என்றாள்.

உலகம்மை முகம் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டாள். அந்த மாதிரி மரியாதைகளில் அவள் ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஆனால் சாயங்காலமானால் மேலேயிருந்து மீன் வறுக்கிற வாடை வருகிறதே! அந்த அடுப்பில் வெந்தது, அந்தக் கரண்டி கிண்டியது, நம் வாய்க்குள் போவதா? சிவ சிவா! டப்பா அடுக்களை வாசலைத் தாண்டவில்லை. முன் அறை ஜன்னல் விளிம்பில் ராத்திரி முழுக்க இருந்துவிட்டு, காலையில் பூ கொண்டுவரும் சுடலைமாடத்தியின் பையில் கொட்டப்பட்டது.

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதில்லையா? நாலு முறுக்கைப் போட்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். "சுசீலா, மிட்டாய் அமிர்தமாட்டு இருந்துச்சு. உங்க அண்ணாச்சிதான் பாதியக் காலி பண்ணிட்டாக," என்று ஒரு போடும் போட்டாள். அதைக் கேட்டுச் சுசீலாபாயின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதற்காகவாவது உலகம்மை அன்றைக்கே வெட்கப்பட்டிருக்கலாம். படவில்லை. அமிர்தம் என்று சொன்னவளுக்கு மறுபடி மறுபடி அமிர்தம் வந்துகொண்டேயிருந்தது. சுடலைமாடத்திக்குத்தான் யோகம். அவளிடம் ஒரே ஒரு தடவை, "அது எப்பிடிட்டி இருக்கு?" என்று கேட்டிருந்தால் உலகம்மை பின்னால் பட்ட பாட்டில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். கேட்பாளா, கேட்கமாட்டாள்.

குற்றாலலிங்கம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். "ஏளா, தம்பானூர்ல ரயிலுக்கு நிக்கையில சாயா வாங்கிக் குடிக்கியே, அந்த அடுப்புல முன்ன என்ன வெந்துச்சுன்னு கேட்டியா?"

"கடை வேற, வீடு வேற."

"அதான் என்ன வேறன்னு கேக்கேன்."

"உங்களுக்குச் சொன்னா வெளங்காது."

உண்மையில் அது அவளுக்கே விளங்காத சங்கதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மிட்டாயைத் தின்ன அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒவ்வொரு தடவையும் சுடலைமாடத்திக்குக் கொட்டும்போது சீனியும் அன்னாசியும் காரமும் கலந்த ஒரு மணம் எழும்பும். நாக்கில் நீர் ஊறும். விழுங்கிக்கொள்வாள். இதென்ன பெரிய வித்தை, நம் அடுப்பில் நாமே செய்து தின்றால் போயிற்று என்று வெகுநாளாக மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்த ஓணத்துக்கு அதற்கு வேளை வந்தது. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி ஐயப்பன், போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாட்ஸப்பில் அறிவித்தார்: வீட்டுக்கு ஒரு பலகாரம், வீட்டிலேயே செய்தது, நல்லதற்குப் பரிசு உண்டு. உலகம்மை முந்திக்கொண்டு, "அன்னாசி மிட்டாய், என் கைப்பக்குவம்" என்று போட்டுவிட்டாள். செய்து பார்த்த பிறகு போட்டிருக்கலாம். பொறுமை வேண்டுமே!

யூட்யூபில் ஒரு பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: பாகை முதலில் இளசாக வை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனி சேர்த்துக் காய்ச்சு, பழம் மெதுவாகக் குடிக்கட்டும் என்று. உலகம்மைக்கு அந்த மெதுவெல்லாம் ஆகாது. இருந்த சீனியை ஒரேயடியாகக் கொட்டிக் கொதிக்கவிட்டாள். பழம் பாகைக் குடிக்கவில்லை. தன்னிடம் இருந்த சாற்றையும் கக்கிவிட்டு வாடிய தோலாகச் சுருங்கிப் போயிற்று. சரி, வெயிலில் போட்டால் தேறும் என்று பார்த்தால், ஓணத்து மழை பிடித்துக்கொண்டது. ஃபேனுக்கு அடியில் பரப்பினாள். துண்டுகள் நீர்விட்டுப் பிசுபிசுத்து, ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்க ஆரம்பித்தன.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் குற்றாலலிங்கம், தொடாமலே.

விழாவுக்கு முந்தின நாள் சுசீலாபாய் டப்பாவோடு வந்து நின்றாள். "அக்கா, ஊர்ல தம்பி மகனுக்குக் கல்யாணம். ஓணம் களிஞ்சுதான் வருவேன். நான் வரதுவரைக்கும் உங்களுக்குத் தின்ன இது," என்று கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

டப்பா ஜன்னல் விளிம்பில் இருந்தது. உலகம்மை அதைப் பார்த்தாள். அடுக்களையில் கிடந்த தன் பூசணத்தைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். மேலே நான் சொல்லவேண்டுமா? எவர்சில்வர் தட்டில் வாழையிலை விரித்து, இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுக்கினாள். கையால் தொடாமல் பார்த்துக்கொண்டாள், அதைத்தான் பார்த்துக்கொள்ளத் தெரிந்தது.

அசோசியேஷன் ஹாலில் மழைச் சத்தத்தையும் மீறிய இரைச்சல். மேசை நிறையப் பலகாரம். சரிகைக்கரை முண்டும் மேலே போடும் நேரியதும் கட்டி உலகம்மை ஒரு ஓரமாக நிற்க, ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். "அடிபொளி", "சூப்பர்", "இது கலக்கி" என்று மலையாளமும் தமிழுமாகப் பாராட்டு. தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. முதலில் கொஞ்சம் கூசியது. அப்புறம் கூசவில்லை. தானே செய்ததுபோல ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் முழுக்க நனைந்த குடையோடு சுசீலாபாய் உள்ளே வந்தாள்.

லிபிக்கு லீவு கிடைக்கவில்லையாம், முதல்நாள் சடங்கோடு இருவரும் திரும்பிவிட்டார்களாம். சுசீலாபாய் நேரே மேசைக்குப் போய், உலகம்மை பேர் எழுதியிருந்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். அப்படியே நின்றாள். பிறகு ஓடிவந்து உலகம்மையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா! நீங்க செஞ்சதா? அப்படியே எனக்க ருசியாட்டு இருக்கே!" என்று கூவினாள். சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டியளா, நான் குடுத்ததத் தின்னு தின்னே பக்குவத்தைப் பிடிச்சிருக்காவ. ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டதில்ல, பாத்துக்கிடுங்க!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

திருடி என்று சொல்லியிருந்தால்கூட உலகம்மை தாங்கியிருப்பாள், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியும் இருப்பாள். இதற்கு என்ன பேசுவது? பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது.

ஐயப்பன் மைக்கோடு வந்து சேர்ந்தார். "ஒரு காரியம் செல்லணும் நீங்க. அந்தக் காந்தாரி மொளகை எப்படி உள்ள வச்சிய? பழம் உடையவும் இல்ல, மொளகு வெளிய தெரியவும் இல்ல."

"உள்ளயா?" என்றாள் உலகம்மை. "மொளகாப்பொடி மேலதான தூவணும்?"

ஹாலே சிரித்தது. ரகசியத்தை விடமாட்டேன் என்கிறாள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். சிரிக்காதவள் சுசீலாபாய் ஒருத்தி மட்டும்தான். "செரி, செரி, நீங்களே ஒண்ணு தின்னு காட்டுங்க," என்று ஐயப்பன் தட்டை நீட்டினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படி மறுப்பது? எடுத்து வாயில் போட்டு நடுவில் நறுக்கென்று கடித்தாள்.

முன்னால் ஒரு தடவையாவது அதைத் தின்றவர் யாரும் அப்படிக் கடிக்கமாட்டார்கள். துண்டின் நடுவில் கீறி, பாகில் ஊறிய முழுக் காந்தாரி மிளகாய் ஒன்றைச் சுசீலாபாய் உள்ளே ஒளித்து வைப்பாள். கன்னத்தில் அடக்கி, சீனி கரையக் கரைய ஓரத்திலிருந்து மெல்லக் கடித்து வரவேண்டும். ஒரு தடவை சூடுபட்டால் அடுத்த தடவை தானாகத் தெரிந்துவிடும். உலகம்மைக்கு எது முதல் தடவை? இதுதான். காது அடைத்தது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. இருமி, திணறி, மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஹாலில் கைதட்டல் வேறு.

சுசீலாபாய்தான் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, நீங்க இதத் தின்னதே இல்ல, இல்லியா?" என்றாள்.

வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் உலகம்மை பதில் சொல்லவில்லை. தண்ணீர் இருந்ததே என்று சந்தோஷப்பட்டாள். எரிச்சல் அடங்க அடங்க நாக்கில் இனிப்பு இறங்கியது. அன்னாசியின் புளிப்பும் பாகும் காரமும் சேர்ந்து, அடடா, இத்தனை ருசியா! இதையா வாரிவாரிக் கொட்டினோம் என்று நினைத்ததில் அழுகையே வந்துவிட்டது. காரத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பரிசு அவளுக்குத்தான். ஒரு ஹாட்பாக்ஸ். மைக்கையும் கையில் கொடுத்தார்கள். இது என்னுடையது இல்லை, மாடிவீட்டுச் சுசீலா செய்தது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அத்தனை நீள வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. "எல்லாருக்கும் ஓணாசம்சகள்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். சுசீலாபாயும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் குத்திக்காட்டவில்லை. "மேல போயி உள்ளதச் சொல்லிரு," என்றார். சொல்லுவது லேசா? மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் உலகம்மை அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சுசீலாபாய் வழக்கம்போல நின்று கூப்பிடாமல் நேரே போனாள், வந்தாள். நாலைந்து நாள் இப்படிப் போனபின், இனி ஒளிய இடமில்லை என்று ஹாட்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

சுசீலாபாய் அடுக்களையில் அடுப்பு முன்னால் நின்றாள். அடிகனமான, பளபளவென்று மின்னுகிற அகலச் சட்டியில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சுசீலா, இது ஒனக்கு வரவேண்டியது," என்று ஹாட்பாக்ஸை நீட்டினாள்.

"மேசையில வையுங்க."

"நான் தின்னதில்லட்டி. ஒருதடவகூட. நீ குடுத்ததெல்லாம் பூக்காரிக்குக் குடுத்துட்டேன்."

"மீன் வைக்க அடுப்புன்னா?"

"ஆமா."

சுசீலாபாய் குழம்பைக் கிண்டினாள். சண்டை போடுவாள் என்று உலகம்மை காத்திருந்தாள். போட்டால் தேவலை.

"இது மிட்டாய்ச் சட்டிக்கா," என்றாள் சுசீலாபாய். "கீழ சைவக்காரங்கன்னு வீட்டு ஓனர் சென்னாரு. அதுக்காட்டுத்தான் சாலையில போயி புதுசா வாங்கினேன். கத்தி வேற, கரண்டி வேற. அடுப்புகூட வேற, அந்த மூலையில கெடக்கு பாருங்க. வீட்டுல மீன் வாங்காத நாளாப் பாத்துத்தான் பாகு காச்சுவேன். இது என்ன கோயில் பாத்திரமான்னு லிபி கேலி செய்யும். இதுல மீன் ஏறினது இன்னைக்குத்தான்."

உலகம்மை அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"செல்லிக்காட்டிக் குடுத்தா அது பின்ன என்ன மரியாதைக்கா?"

காலம் முழுக்கச் சுத்தத்தைப் பற்றிப் பேசியவளுக்கு, தன்னைப்போல அழுக்கானவள் இந்தத் தெருவிலேயே இல்லை என்று தோன்றியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். சுசீலாபாய் திரும்பிப் பார்க்காமல் அடுப்பைத் தணித்தாள்.

"போவும்போ கதவச் சாத்திட்டுப் போங்கக்கா. இல்லாட்டா வாடை கீழ எறங்கும். உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்," என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னாள். உலகம்மை வெளியே வந்து கதவில் கை வைத்தாள். திறந்தே போட்டுவிட்டுப் போகவேண்டும், வாடை வந்தால் வரட்டும் என்றுதான் மனசார நினைத்தாள். ஆனால் வயிற்றைப் புரட்டியது, மூச்சு முட்டியது, நிஜமாகவே அவளால் தாங்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.