பூக்கடையில் சாவி

மண்டி மொஹல்லா பகுதியில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகசாலைக்கு ஒரே சாவி. அது செயலாளர் நாராயணன் சாரிடம் இருக்கும். அவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனால் வாசகசாலைக்கும் விடுமுறை.

போன கூட்டத்தில் நான் சொல்லி, சாவியைக் கீழே பூக்கடையில் வைக்க முடிவானது. முதலில் வருபவர் வாங்கித் திறக்கலாம், கடைசியில் போகிறவர் பூட்டிக் கொடுத்துவிடலாம்.

அதன் பிறகு சார் ஊரில் இருக்கமாட்டார் என்றிருந்த முதல் நாள் இன்று. பூக்கடையில் சாவி கேட்டேன்.

"சார் அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாரே மேடம்."

மாடியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பெங்களூர் போகலையா சார்?"

"போனேன்மா. நான் இல்லாம ஒழுங்கா தெறக்கறீங்களான்னு பாக்க வேணாமா? மொதல் ட்ரெயின்ல வந்துட்டேன்."

"நீங்க வராம இருந்தாத்தானே சார் அது தெரியும்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். நாளைக்கும் வந்து பாக்கறேன்."

அவர் இல்லாமல் வாசகசாலை திறக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. உங்கள் சங்கங்களில் இதற்கு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.